எங்கே போறீங்க டீச்சர்?

இந்த ஞாயிற்றுக்கிழமைப் பதிவு வழக்கத்தைவிடக் கொஞ்சம் நீளம். காபி டம்ளரோடு உட்கார்ந்து படியுங்கள்.

முழுப்பரீட்சை முடிந்து என் பேத்தி ஊருக்கு வந்திருக்கிறாள். வயது 14. போன செவ்வாய்க்கிழமை விடியற்காலை ஐந்தரை மணிக்கு, திண்ணையோரம் நின்ற சைக்கிளைத் துடைத்து வாசலில் இறக்கிவிட்டு, "அப்பத்தா, சித்தன்னவாசல் ரோட்டுல கொஞ்ச தூரம் போயிட்டு வரேன்" என்றாள். வாசல் பூராவும் வேப்பம்பூ கொட்டிக் கிடந்தது. காற்றில் இன்னும் குளிர்ச்சி இருந்தது. எனக்கும் சந்தோஷம்தான். அதற்குள் திருச்சியிலிருந்து அவள் அப்பா, அதாவது என் மகன், போன் செய்துவிட்டான்.

"அங்க என்னம்மா வேலை அவளுக்கு? டியூஷனுக்குப் போறான்னா சரி, கடைக்குப் போறான்னாலும் சரி. சும்மா எதுக்கு ரோட்டுல சுத்தணும்?"

பேத்தி ஒன்றும் சொல்லாமல் சைக்கிளை மறுபடி திண்ணையோரம் நிறுத்திவிட்டாள். என் மகன் நல்ல பிள்ளை. பெண் பிள்ளையைப் படிக்க வைப்பதில் ஒரு குறையும் வைக்காதவன். இந்தப் பதிவையும் படிப்பான். அன்றைக்கு போனில் நான் பதில் பேசவில்லை. அவன் கேட்டதற்கு ஒரு வரியில் பதில் சொல்ல முடியாது, கொஞ்சம் சரித்திரம் சொல்ல வேண்டியிருக்கிறது. வகுப்பில் நின்று பாடம் நடத்திய வாய் இல்லையா, சும்மா இருக்குமா?

சைக்கிள் முதலில் எதற்காக ஓடியது தெரியுமா? 1817-ஆம் ஆண்டு ஜூன் 12-ஆம் தேதி ஜெர்மனியில் மன்ஹைம் நகரத்திலிருந்து கார்ல் டிரைஸ் என்பவர் இரண்டு சக்கரம் வைத்த மரவண்டி ஒன்றில் கிளம்பினார். அதற்குப் பெடல் கிடையாது. உட்கார்ந்துகொண்டே காலால் தரையை உந்தி உந்திப் போக வேண்டும். சுமார் 7 கிலோமீட்டர் தள்ளியிருந்த ஒரு சாலையோர விடுதி வரைக்கும் போய்த் திரும்பி வந்தார். குதிரைக்கு மாற்றாக ஒரு வண்டி செய்ய வேண்டும் என்பதுதான் அவர் எண்ணம். ஆனால் அதை வாங்கி ஓட்டியவர்களில் பெரும்பாலோர் வேலைக்காக ஓட்டவில்லை. வசதியான வீட்டு இளைஞர்கள் பூங்காக்களில் விளையாட்டுக்காக ஓட்டினார்கள். ஊரே கேலிப் படம் போட்டுச் சிரித்தது.

1860-களில் பாரிஸில் முன்சக்கரத்தில் பெடல் வந்தது. அதன்பிறகு முன்சக்கரம் ஆள் உயரத்துக்கு வளர்ந்தது. பழைய படங்களில் பார்த்திருப்பீர்களே, முன்னால் பெரிய சக்கரம், பின்னால் குட்டிச் சக்கரம். ஒரு கல் தடுக்கினால் ஓட்டுகிறவர் தலைகுப்புற விழுவார். நீளப் பாவாடை கட்டியவர்கள் அதில் ஏறுவதை நினைத்தே பார்க்க முடியாது. 1885-இல் இங்கிலாந்தின் கவன்ட்ரி நகரத்தில் ஜான் கெம்ப் ஸ்டார்லி என்பவர் ரோவர் சைக்கிளைக் கொண்டுவந்தார். ஏறக்குறைய ஒரே அளவில் இரண்டு சக்கரங்கள், பெடலிலிருந்து பின்சக்கரத்துக்குச் செயின். இன்று நம் வீட்டில் நிற்கும் சைக்கிளுக்கு அதுதான் தாத்தா. மூன்று வருடம் கழித்து, 1888-இல், பெல்ஃபாஸ்டில் கால்நடை மருத்துவராக இருந்த டன்லப், தன் பையனின் மூன்று சக்கர வண்டி கடகடவென்று குலுங்காமல் ஓட வேண்டும் என்று காற்றடைத்த ரப்பர் டயரைப் பொருத்திப் பார்த்தார். அதற்குப் பிறகு சைக்கிள் எலும்பை உலுக்காத வண்டியாகிவிட்டது.

அங்கே குளிர்காலம் முடிந்து ஏப்ரல், மே மாதங்களில் வசந்தம் வந்தால் ஜனங்கள் சைக்கிளை எடுத்துக்கொண்டு ஊருக்கு வெளியே கிளம்பிவிடுவார்கள். நமக்கும் சித்திரை வைகாசிதான் இளவேனில். மாதம் ஒன்றுதான், வெயில்தான் வேறு. 1878-லேயே இங்கிலாந்தில் சைக்கிள் சுற்றுலா செல்பவர்களுக்கென்று ஒரு சங்கம் ஆரம்பித்துவிட்டார்கள். வழியில் எந்த விடுதியில் தங்கலாம், எந்த இறக்கம் செங்குத்தானது என்று உறுப்பினர்களுக்குச் சொல்லும் சங்கம். ஆபத்தான இறக்கங்களில் எச்சரிக்கைப் பலகை நட்டவர்களும் அவர்களே. அமெரிக்காவில் 1880-இல் தொடங்கிய சைக்கிள்காரர்கள் சங்கம் நல்ல சாலை வேண்டும் என்று ஒரு இயக்கமே நடத்தியது. அப்போது கார் தெருவுக்கு வரவில்லை. ஆக, இன்று காரில் போகிறவர்கள் அனுபவிக்கும் நல்ல சாலையை முதலில் கேட்டு வாங்கியவர்களில், ஞாயிற்றுக்கிழமை சும்மா சைக்கிளில் சுற்றப் போனவர்களும் உண்டு. இதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

இப்போது பெண்களிடம் வருவோம். ரோவர் மாதிரி தாழ்ந்த சைக்கிள் வந்ததும் பெண்கள் ஏறினார்கள். உடனே உபதேசங்களும் கிளம்பின. சைக்கிள் ஓட்டினால் பெண்ணின் முகம் இறுகிக் கண் பிதுங்கிப்போகும் என்று சில டாக்டர்களே எழுதினார்கள். அதற்கு 'சைக்கிள் முகம்' என்று ஒரு பெயரும் வைத்தார்கள். 1893-இல் டெஸ்ஸி ரேனால்ட்ஸ் என்ற 16 வயதுப் பெண் பிரைட்டனிலிருந்து லண்டன் போய்த் திரும்பினாள். சுமார் 190 கிலோமீட்டர், எட்டரை மணி நேரம். ஜனங்கள் அவள் போன தூரத்தைப் பேசியதைவிட அவள் கால்சட்டை போட்டிருந்ததைப் பேசியதுதான் அதிகம்.

1898-இல் இன்னொரு சம்பவம். ஹார்பர்டன் சீமாட்டி என்ற அம்மையார் சைக்கிள் ஓட்டிக்கொண்டு சர்ரே பகுதியில் ஆக்கம் என்ற ஊரிலிருந்த விடுதிக்குச் சாப்பிடப் போனார். அது சைக்கிள் சங்கத்தின் பட்டியலில் இருந்த விடுதி. அவர் பாவாடைக்குப் பதில் தொளதொளவென்ற கால்சட்டை அணிந்திருந்ததால் விடுதிக்கார அம்மாள் சாப்பாட்டு அறைக்குள் விடவில்லை. ஆண்கள் உட்கார்ந்து குடிக்கும் அறையில் வேண்டுமானால் சாப்பிடலாம் என்றார். சைக்கிள் சங்கம் வழக்குப் போட்டது. 1899-இல் தீர்ப்பு வந்தது. சங்கம் தோற்றுவிட்டது. ஆனால் நாடே அந்த வழக்கைப் பற்றிப் பேசியது.

எனக்கு மிகவும் பிடித்தவர் அமெரிக்காவின் ஃபிரான்சஸ் வில்லார்ட். அவரும் ஆரம்பத்தில் நம்மைப் போல வாத்தியாரம்மாதான். பிறகு பெரிய பெண்கள் சங்கத்தின் தலைவியானார். அவர் சைக்கிள் கற்றுக்கொண்டது 53-ஆவது வயதில். தினமும் கொஞ்ச நேரம் என்று சுமார் மூன்று மாதம் பழகினார். சைக்கிளுக்கு கிளாடிஸ் என்று பெயர் வைத்தார். அந்த அனுபவத்தை 1895-இல் ஒரு சின்னப் புத்தகமாகவும் எழுதினார். அடுத்த வருடம், பெண்களுக்கு ஓட்டுரிமை கேட்டுப் போராடிய சூசன் பி. ஆந்தனி ஒரு பத்திரிகைப் பேட்டியில், உலகத்தில் வேறு எதையும்விட சைக்கிள்தான் பெண் விடுதலைக்கு அதிகம் செய்திருக்கிறது என்ற பொருளில் பேசினார்.

இதில் நான் உங்களைக் கவனிக்கச் சொல்வது ஒன்றுதான். டெஸ்ஸி வேலைக்குப் போகவில்லை. ஹார்பர்டன் அம்மையார் கடைக்குப் போகவில்லை. வில்லார்ட் டியூஷனுக்குப் போகவில்லை. போக வேண்டும் என்று தோன்றியது, போனார்கள். ஊர் சண்டைக்கு வந்ததும் அதற்குத்தான். ஒரு பெண் தண்ணீர்க்குடத்தோடு பத்து மைல் நடந்தால் யாரும் கேள்வி கேட்பதில்லை. வெறுங்கையோடு ஒரு மைல் போனால் கேட்பார்கள்.

நம்மூருக்கு சைக்கிள் வேலைக்கார வண்டியாகத்தான் வந்தது. தபால்காரர், பால்காரர், தந்திச் சேவகர், தலைமையாசிரியர். முனிசிபாலிட்டிக்கு வருடா வருடம் வரி கட்டி வில்லை வாங்கி வண்டியில் மாட்ட வேண்டும். ராத்திரியில் விளக்கில்லாமல் போனாலும், டபுள்ஸ் அடித்தாலும் போலீஸ்காரர் பிடிப்பார். இதெல்லாம் இன்றைய பிள்ளைகளுக்குச் சொன்னால் சிரிப்பார்கள். 1949-இல் அம்பத்தூரில் டி.ஐ. சைக்கிள்ஸ் தொழிற்சாலை வந்தது. ஹெர்குலிஸ் சைக்கிள் நம் கிராமங்களுக்குள் நுழைந்தது. வாடகை சைக்கிள் கடைகள் வந்தன. பையன்கள் மணிக்கணக்கில் வாடகைக்கு எடுத்துக் குரங்குப் பெடல் போட்டுப் பழகினார்கள். முட்டி சிராய்த்துக்கொண்டு வந்தால் வீட்டில் திட்டுவார்கள். மறுநாளும் விடுவார்கள்.

என் இரண்டு அண்ணன்களும் அப்படித்தான் பழகினார்கள். நான் வேலியோரம் நின்று பார்த்தேன். ஆசிரியர் பயிற்சி முடித்து 1979-இல் வேலைக்குச் சேர்ந்த பிறகும், பஸ் வராத பள்ளிக்கூடத்துக்கு மூன்று கிலோமீட்டர் நடந்துதான் போனேன். ஒரு சைக்கிள் வாங்கினால் என்ன என்று எனக்கே தோன்றவில்லை. யாரும் தடுக்கவில்லை. தோன்றவே இல்லை, அதுதான் விஷயம்.

1991-இல் நம் புதுக்கோட்டை மாவட்டத்தில் அறிவொளி இயக்கம் வந்தது. அப்போது மாவட்ட ஆட்சியர் ஷீலா ராணி சுங்கத் அம்மையார். எழுத்தறிவு கற்பிக்கும் பெண் தொண்டர்கள் ஊர் விட்டு ஊர் போக வேண்டும், பஸ்ஸுக்குக் காத்திருந்தால் ஆகாது என்பதால், சைக்கிள் பயிற்சியையும் இயக்கத்தில் சேர்த்தார்கள். சைக்கிள் வாங்கக் கடனுக்கும் ஏற்பாடு செய்தார்கள். தொண்டர்களைப் பார்த்துப் படிக்க வந்த பெண்களும் கேட்டார்கள். கல்குவாரியில் வேலை செய்தவர்கள், வயல் வேலை செய்தவர்கள், அங்கன்வாடி ஊழியர்கள், எங்களைப் போன்ற ஆசிரியைகள் என்று எல்லோரும் ஏறினோம். முத்து பாஸ்கரன் எழுதிய சைக்கிள் பாட்டு அப்போது எல்லார் வாயிலும் இருந்தது. லேடீஸ் சைக்கிளுக்குத் தட்டுப்பாடு வந்ததால் பல பெண்கள் பார் வைத்த ஆண்கள் சைக்கிளையே ஓட்டினார்கள். பாரில் பிள்ளையை உட்கார வைக்கலாமே என்று அதையே விரும்பியவர்களும் உண்டு. யுனிசெஃப் நிறுவனம் பெண் தொண்டர்களுக்கென்று 50 மொபெட்டுகள் கொடுத்தது. 1992 மகளிர் தினத்தன்று 1,500-க்கும் மேற்பட்ட பெண்கள் கொடி கட்டிக்கொண்டு மணியடித்தபடி புதுக்கோட்டை வீதிகளில் சைக்கிளில் போனார்கள். பத்திரிகையாளர் சாய்நாத் நம் மாவட்டத்துக்கு வந்து பார்த்து, ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட கிராமப்புறப் பெண்கள் சைக்கிள் கற்றதாக எழுதினார். பத்து வயதுக்கு உட்பட்டவர்களை விட்டுவிட்டுக் கணக்குப் பார்த்தால், மாவட்டத்தின் கிராமப் பெண்களில் நான்கில் ஒரு பங்குக்கும் மேல்.

அந்த லட்சத்தில் நானும் ஒருத்தி. அப்போது எனக்கு வயது 33, இரண்டு பிள்ளைக்குத் தாய். எனக்குச் சொல்லிக் கொடுத்தது 18 வயதுத் தொண்டர் பெண். பள்ளிக்கூட மைதானத்தில் சீட்டைப் பிடித்துக்கொண்டு கூடவே ஓடுவாள். "டீச்சர், கீழ பாக்காதீங்க, தூரத்தப் பாருங்க" என்பாள். நாலு நாள் விழுந்தேன். ஐந்தாம் நாள் அவள் கையை விட்டது எனக்குத் தெரியவே இல்லை. மைதானத்தின் அந்தப் பக்கம் போய்த் திரும்பிப் பார்த்தால் அவள் தூரத்தில் நின்று கை தட்டிக்கொண்டிருக்கிறாள்.

இனிதான் நான் சொல்ல வந்த கதை. 1992 சித்திரையில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, விடியற்காலையில், நாங்கள் நான்கு பெண்கள் சைக்கிளில் கிளம்பினோம். வகுப்பு இல்லை, கூட்டம் இல்லை. சித்தன்னவாசல் வரைக்கும் போய்விட்டு வரலாம் என்று ஒருத்தி சொன்னாள், அவ்வளவுதான். சாலையோரப் புங்க மரங்கள் பூத்திருந்தன. வலதுபுறம் பாறைக்குன்றுக்குப் பின்னாலிருந்து சூரியன் வந்தது. ஏற்றத்தில் மூச்சு வாங்க மிதித்தோம். இறக்கத்தில் பெடலை நிறுத்திவிட்டுக் காற்றை வாங்கினோம். 33 வருடத்தில் முதல் தடவையாக, என் வேகத்தில் காற்று என் முகத்தில் அடித்தது. வேறு எப்படிச் சொல்வதென்று தெரியவில்லை.

வழியில் ஒரு டீக்கடை. பெஞ்சில் உட்கார்ந்திருந்த பெரியவர் ஒருவர் கேட்டார்: "காலங்காத்தால எங்கம்மா கெளம்பிட்டீங்க?"

அடுத்த நொடியே என் வாயிலிருந்து வந்தது: "அறிவொளி கூட்டம் ஐயா."

அவர் தலையாட்டினார். நாங்கள் போய்விட்டோம். குன்றின் அடிவாரத்தில் சைக்கிளை நிறுத்தி, கொண்டுபோன இட்லியைச் சாப்பிட்டு, மேலே குகைக்கோயிலில் தாமரைக் குளம் ஓவியத்தைப் பார்த்துவிட்டுத் திரும்பினோம். வழியெல்லாம் ஒருத்தியும் அந்தப் பொய்யைப் பற்றிப் பேசவில்லை. அந்தப் பெரியவர் கோபமாகக் கேட்கவில்லை, சாதாரணமாகத்தான் கேட்டார். "சும்மா போறோம் ஐயா" என்று சொல்லியிருந்தால் ஒன்றும் ஆகியிருக்காது. ஆனால் என்னால் சொல்ல முடியவில்லை. சைக்கிள் கற்றுக்கொண்டேன், 'சும்மா' என்று சொல்லக் கற்றுக்கொள்ளவில்லை.

இதோடு முடித்தால் நான் நல்லவளாகவே இருந்துவிடுவேன். இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். இதைச் சொல்வதற்காகத்தான் மூன்று நாளாக எழுதி எழுதி அழித்துக்கொண்டிருந்தேன்.

நாலைந்து வருடம் கழிந்தது. அப்போது எட்டாம் வகுப்பில் ஒரு பெண் படித்தாள். பெயர் சொல்ல மாட்டேன். பள்ளி விட்டதும் அண்ணன் சைக்கிளை எடுத்துக்கொண்டு ஊருணிக் கரையைச் சுற்றிச் சுற்றி வருவாள். ஒரு கையை விட்டு ஓட்டுவாள், பெல்லை விடாமல் அடிப்பாள். ஊரில் யாரோ பேசியிருக்கிறார்கள். அவள் அம்மா என்னிடம் வந்து, "டீச்சர், நீங்க சொன்னா கேப்பா" என்று அழுதார். நானும் அந்தப் பெண்ணைக் கூப்பிட்டுச் சொன்னேன்: "பள்ளிக்கூடத்துக்கு ஓட்டு, கடைக்கு ஓட்டு. வேலையில்லாம சுத்தாதே." அவள் "சரிங்க டீச்சர்" என்றாள். அதற்குப் பிறகு ஊருணிக் கரையில் அவளை நான் பார்க்கவில்லை. எவ்வளவு பணிவான பிள்ளை என்று அன்றைக்குப் பெருமைப்பட்டேன்.

அந்தப் பெண் இன்று இதைப் படிக்கிறாளா என்று தெரியாது. படித்தால், அம்மா, நான் அன்றைக்குச் சொன்னது தப்பு. என்னை மன்னித்துவிடு. ஊர் கேட்ட கேள்வியை ஊருக்குப் பதிலாக நானே உன்னிடம் கேட்டுவிட்டேன்.

பின்னாளில் நம் அரசு, முதலில் ஆதிதிராவிட, பழங்குடி மாணவியருக்கும், பிறகு மேல்நிலை வகுப்பில் படிக்கும் மற்றவர்களுக்கும் விலையில்லா சைக்கிள் கொடுத்தது. பீகாரில் 2006-இல் ஒன்பதாம் வகுப்பு மாணவியருக்குச் சைக்கிள் வாங்கப் பணம் கொடுத்தார்கள். பெரிய காரியங்கள்தான். எத்தனையோ பெண் பிள்ளைகள் அந்தச் சைக்கிளால்தான் படிப்பை விடாமல் இருந்தார்கள். ஆனால் நம் தெருவில் பாருங்கள். பன்னிரண்டாம் வகுப்பு முடிந்ததும் அந்தச் சைக்கிள் மாட்டுக்கொட்டகையில் சாய்ந்துவிடுகிறது. சீட் கிழிந்து, செயின் துருப்பிடித்து, கேரியரில் கோழி உட்கார்ந்திருக்கிறது. பள்ளிக்குப் போகும் வேலை முடிந்தது, சைக்கிளும் முடிந்தது. நகரங்களில் விடியற்காலையில் ஹெல்மெட் மாட்டிக்கொண்டு கியர் சைக்கிளில் கூட்டமாகப் போகிறார்கள். பார்க்கச் சந்தோஷமாக இருக்கிறது. அந்தக் கூட்டத்தில் பெண்கள் எத்தனை பேர் என்றும் எண்ணிப் பாருங்கள்.

என் மகனுடைய பயம் எனக்குப் புரிகிறது. 1992-இல் அந்தச் சாலையில் மணிக்கு நாலு வண்டி போனால் அதிகம். இன்றைக்கு டிப்பர் லாரி பறக்கிறது. அதற்குச் செய்ய வேண்டியதைச் செய்வோம். கிளம்பும் முன் இரண்டு பிரேக்கையும் அழுத்திப் பார்க்க வேண்டும். டயரில் காற்று சரியாக இருக்க வேண்டும். முன்னால் விளக்கு, பின்னால் சிவப்பு விளக்கு, பளிச்சென்ற நிறத்தில் சட்டை, தலைக்கு ஹெல்மெட். துப்பட்டாவை முடிச்சுப் போட்டுவிட வேண்டும், செயினிலோ சக்கரத்திலோ மாட்டக்கூடாது. சாலையின் இடது ஓரம், ஒருவர் பின் ஒருவர். தண்ணீர் பாட்டில். சித்திரை வெயில் ஏறுவதற்குள், ஏழரை மணிக்கு, வீடு திரும்பிவிட வேண்டும். பயத்துக்கு இதெல்லாம் மருந்து. பிள்ளையைத் திண்ணையோரம் நிறுத்திவைப்பது மருந்தல்ல.

இதைத்தான் தம்பி, உனக்குப் பதிலாகச் சொல்கிறேன். அவளுக்கு அங்கே ஒரு வேலையும் இல்லை. உன் பெரிய மாமாக்கள் இரண்டு பேருக்கும் அந்த வயதில் அந்த ரோட்டில் ஒரு வேலையும் இருந்ததில்லை. உனக்கும் இருந்ததில்லை. நீ பத்தாவது படிக்கும்போது எத்தனை சாயங்காலம் எங்கே போனாய் என்று நான் கேட்டதில்லை என்பது உனக்கே தெரியும்.

நேற்று சனிக்கிழமை காலையில் பக்கத்து வீட்டு லேடீஸ் சைக்கிளை இரவல் வாங்கிக்கொண்டு நானும் அவளோடு கிளம்பினேன். 67 வயது, முட்டி வலி, அதனால் ஊருணிக் கரை வரைக்கும்தான். அவள் எனக்காக மெதுவாக மிதித்தாள். கரையில் நான் இறங்கி உட்கார்ந்துகொண்டேன். அவள் நாலு கிலோமீட்டர் தனியாகப் போய்த் திரும்பி வந்தாள். முகமெல்லாம் வேர்வை, சிரிப்பு. அப்போது ஆடு ஓட்டிக்கொண்டு வந்த ஒருவர் என்னைப் பார்த்து, "எங்கே போறீங்க டீச்சர்?" என்றார்.

"எங்கேயும் இல்லப்பா, சும்மாதான்" என்றேன்.

அவர் "சரிங்க டீச்சர்" என்று சொல்லிவிட்டு ஆட்டைப் பார்த்துக்கொண்டு போய்விட்டார்.

என் மாணவிகளே, நீங்கள் கடைசியாக ஒரு வேலையும் இல்லாமல் சைக்கிள் ஓட்டியது எப்போது, எந்த ரோட்டில்? கீழே எழுதுங்கள், நான் ஒவ்வொன்றாகப் படிப்பேன். ஓட்டியதே இல்லை என்றால் அதையும் எழுதுங்கள். கொட்டகையில் சைக்கிள் கிடந்தால் இந்த வாரமே ஒரு கடையில் விட்டு டியூபும் பிரேக் கட்டையும் மாற்றிக்கொள்ளுங்கள். வேப்பம்பூ இன்னும் கொஞ்ச நாள்தான் இருக்கும்.

அன்புடன்,
உங்கள் டீச்சர்